மடித்தால் சுமை, விரித்தால் வண்டி

விவேக் நகரிலிருந்து மடிப்பு மிதிவண்டியோடு பேருந்தேறுவோர் அறிய வேண்டியவை

பெங்களூருவில் வாழும் தமிழர்களுக்கு விவேக் நகரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு திருத்தலத்தை நாடி வரும் கூட்டமே அப்பகுதியை நகரெங்கும் அறியச் செய்திருக்கிறது. ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, ஈஜிபுரா, கோரமங்கலா ஆகியவை சூழ்ந்திருக்க, நடுவே அமைந்துள்ள இக்குடியிருப்பு, வரைபடத்தில் பார்த்தால் எல்லாவற்றுக்கும் அருகில் இருக்கிறது. ஓசூர் சாலைக்கு ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர், எம்.ஜி. சாலைக்கும் டொம்லூருக்கும் மூன்று, நான்கு கிலோமீட்டர். ஆனால் காலையில் பணிக்குப் புறப்படுவோர்க்கு இந்த அருகாமையே சிக்கலாகிவிடுகிறது. நடந்து செல்வதற்கு அது தொலைவு. ஆட்டோ ஓட்டுநர் விரும்பி வருவதற்கோ மிகக் குறுகிய தூரம்.

பெங்களூருவின் நெடுந்தடப் பேருந்துகள் பெரும்பாலும் விவேக் நகருக்குள் நுழையாமல் அதன் ஓரங்களைத் தொட்டுச் செல்பவை. எலக்ட்ரானிக் சிட்டிக்குச் செல்லும் 356 வரிசைப் பேருந்துகள் ஓசூர் சாலையில் ஓடுகின்றன. ஒயிட்ஃபீல்டைக் கடந்து காடுகோடி செல்லும் 335 இ பேருந்தை டொம்லூரில் பிடிக்கலாம். வெளிவட்டச் சாலைக்கான 500 வரிசைப் பேருந்துகளுக்குச் சில்க் போர்டு வரை செல்ல வேண்டும். மெட்ரோ இரயிலின் ஊதாத் தடம் எம்.ஜி. சாலையில் இருக்கிறது, இளஞ்சிவப்புத் தடமும் மேற்கே சற்றுத் தள்ளியே அமைகிறது.

மறுமுனையிலும் இதே நிலைதான். எலக்ட்ரானிக் சிட்டியில் இறங்கிய பின்னர் அலுவலக வாயிலை அடைய மேலும் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் செல்ல நேரிடுகிறது. இரு முனைகளிலும் சேர்த்து நான்கு கிலோமீட்டர் நடந்தால் ஏறத்தாழ 50 நிமிடங்கள் ஆகும். நெரிசலற்ற வேளையில் இடைப்பட்ட பேருந்துப் பயணமே அதைவிடக் குறைந்த நேரத்தில் முடிந்துவிடக்கூடும். இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பலர் இருசக்கர வாகனம் வாங்குகின்றனர். பெங்களூருவில் பதிவு பெற்ற வாகனங்கள் ஒரு கோடியைக் கடந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை இருசக்கர வாகனங்கள். பேருந்து வசதி இருந்தும், அதன் இரு முனைகளிலும் எஞ்சும் சிறு தொலைவைக் கடக்க வழியில்லாததே இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அந்தச் சிறு தொலைவுக்கு மிதிவண்டியே பொருத்தமானது. மணிக்கு 12 கிலோமீட்டர் என்னும் நிதானமான வேகத்தில் சென்றாலும் இரண்டு கிலோமீட்டரைப் பத்து நிமிடங்களில் கடக்கலாம். ஆனால் சாதாரண மிதிவண்டியை ஓசூர் சாலை நிறுத்தத்திலேயே விட்டுச் செல்ல வேண்டும். அது மாலை வரை அங்கேயே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மேலும், மறுமுனையில் அது பயன்படாது. ஆகவே மிதிவண்டியும் நம்மோடு பேருந்தில் வர வேண்டும். மடிப்பு மிதிவண்டி என்னும் தீர்வு இங்கேதான் பிறக்கிறது.

கூரையிலிருந்து கைக்குள்

மிதிவண்டியைப் பேருந்தில் ஏற்றுவது நம் மக்களுக்குப் புதியதன்று. தமிழ்நாட்டு ஊர்ப்புறப் பேருந்துகளின் கூரைமேல் கம்பித் தடுப்பும், பின்புறத்தில் ஏணியும் இருந்த காலத்தை மூத்த வாசகர்கள் நினைவுகூரலாம். காய்கறிக் கூடை, நெல் மூட்டை, கோழிக் கூண்டு ஆகியவற்றோடு மிதிவண்டியும் கூரையேறும். சுமைக்கூலி கொடுத்துவிட்டால் அதைப் பற்றி எவரும் வினவமாட்டார்கள். நகரப் பேருந்தில் கூரையும் இல்லை, ஏணியும் இல்லை. ஒரு நிறுத்தத்தில் சில நொடிகளுக்கு மேல் நிற்க நேரமும் இல்லை. எனவே வண்டி சுருங்கியாக வேண்டும்.

சுருங்கும் வண்டிக்கு நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1890-களில் பிரெஞ்சுப் படை அதிகாரியான கேப்டன் ஜெரார் என்பவர், படைவீரர்கள் முதுகில் சுமந்து செல்லத்தக்க மடிப்பு மிதிவண்டியை முன்னிறுத்தினார். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் பி.எஸ்.ஏ. நிறுவனம், வான்குடை வீரர்களோடு தரையிறங்கும் மடிப்பு மிதிவண்டிகளைச் செய்து தந்தது. 1962-இல் அலெக்ஸ் மோல்டன் வெளியிட்ட சிறுசக்கர மிதிவண்டி, சக்கரம் சிறிதானாலும் வேகம் குறையாது என்பதை மெய்ப்பித்தது.

1975-இல் இலண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி என்னும் பொறியாளர் ஒரு புதிய மடிப்பு முறையை வகுக்கத் தொடங்கினார். அவர் குடியிருந்த வீட்டின் எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே தம் வண்டிக்கும் இட்டார். அதன் சக்கரம் 16 அங்குலம். மடித்தால் ஒரு நடுத்தரப் பெட்டியளவே இருக்கும். 1982-இல் அமெரிக்காவில் டேவிட் ஹான் என்னும் இயற்பியலாளர் தொடங்கிய டஹோன் நிறுவனம், எளிய விலையில் மடிப்பு வண்டிகளைப் பெருவாரியாகச் செய்தது. சட்டத்தின் நடுவே ஒரு கீல், கைப்பிடித் தண்டில் ஒரு கீல், கீழிறங்கும் இருக்கை என்பதே இன்று நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான 20 அங்குல வண்டிகளின் அமைப்பு.

பேருந்துக்குள் இடம் எங்கே?

20 அங்குலச் சக்கரம் கொண்ட வண்டியை மடித்தால், அதன் நீளம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர், உயரம் 65 சென்டிமீட்டர், அகலம் 35 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருக்கும். எடை பெரும்பாலும் 12 முதல் 15 கிலோ. கடையிலிருந்து 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கி வருவோர்க்கு இந்த எடை பெரிதன்று. சிக்கல் எடையில் இல்லை, அகலத்தில் இருக்கிறது. இருக்கைகளின் இடையே கால் வைக்கும் பகுதியில் அது நுழையாது. இடைவழியில் வைத்தாலோ வழியின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும். நடத்துநர் கடந்து செல்ல இயலாது.

பெங்களூரு மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகள் ஒரே வகையானவை அல்ல. எந்தப் பேருந்தில் எங்கே வைக்கலாம் என்பதை அறிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

வஜ்ரா எனப்படும் தாழ்தளக் குளிர்சாதனப் பேருந்துகளில் நடுவாயிலை ஒட்டி நின்று பயணம் செய்வதற்கான திறந்த வெளி உண்டு. சக்கர நாற்காலிக்கான இடமும் அங்கேயே இருக்கிறது. சக்கர நாற்காலியில் எவரும் வராதவரை மடித்த வண்டியை அங்கே சுவரோரம் நிறுத்தலாம். வாயிலில் படிகள் இல்லாததால் ஏற்றுவதும் எளிது.

விமான நிலையத்திற்குச் செல்லும் வாயு வஜ்ரா பேருந்துகள் பெட்டிகளோடு வரும் பயணிகளுக்கென்றே அமைந்தவை. சுமைகளை வைக்கத் தனித் தட்டுகள் அவற்றில் உண்டு. மடித்து உறையிட்ட வண்டி அங்கே மற்றொரு பெட்டியாகவே கருதப்படும்.

சாதாரணப் பேருந்துகளில்தான் திறமை தேவை. வாயிலில் உயரமான படிகள் உள்ளன. முன்பகுதி இருக்கைகள் மகளிர்க்கு உரியவை. முன்புற எஞ்சின் கொண்ட பழைய பேருந்துகளில் ஓட்டுநரின் அருகே எஞ்சின் மூடியை ஒட்டிய இடத்தில் மூட்டைகளை வைப்பது வழக்கம். ஓட்டுநரின் இசைவோடு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். மற்றவற்றில் பின்வரிசை இருக்கையின் முன்னுள்ள மூலையே தக்க இடம். புறப்படும் நிலையத்திலேயே ஏறுவோர்க்கு அந்த மூலை எளிதில் கிடைக்கும். நடுவழியில் ஏறுவோர்க்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நேரமும் கருதத்தக்கது. 2023 ஜூன் 11 முதல், கர்நாடகத்தில் வசிக்கும் பெண்கள் 'சக்தி' திட்டத்தின்கீழ் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். பல்லாயிரம் குடும்பங்களின் மாதச் செலவைக் குறைத்த திட்டம் அது. அதனால் பேருந்துகளில் கூட்டமும் பெருகியுள்ளது. காலை 8 மணி முதல் 10 மணி வரையிலும், மாலை 5 மணி முதல் 8 மணி வரையிலும் சாதாரணப் பேருந்தில் மடித்த வண்டியோடு ஏறுவது பிறர்க்கு இடையூறாகவே முடியும். ஆனால் பெங்களூருவில் எல்லாரும் 9 மணிக்குப் பணிக்குச் செல்பவர்கள் அல்லர். விவேக் நகரிலேயே உள்ள புனித பிலோமினா மருத்துவமனை, கோரமங்கலாவின் புனித ஜான் மருத்துவமனை போன்றவற்றிலும், வணிக வளாகங்களிலும், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் முறைப்பணி செய்வோர் அதிகாலையிலும் நண்பகலிலும் இரவிலும் பயணம் செய்கின்றனர். அவர்களுக்கு மடிப்பு மிதிவண்டி உண்மையிலேயே கைகொடுக்கும். இரவில் பேருந்திலிருந்து இறங்கி, ஆட்டோவுக்காகப் பேரம் பேசி நிற்காமல் பத்து நிமிடங்களில் வீடு சேர்வது சிறிய ஆறுதல் அன்று.

எழுதப்படாத விதி

பேருந்துக்குள் ஒட்டப்பட்டிருக்கும் அறிவிப்புகளில் மகளிர் இருக்கை, மூத்த குடிமக்கள் இருக்கை, சரியான சில்லறை ஆகியவற்றைப் பற்றிப் படிக்கிறோம். மடிப்பு மிதிவண்டியின் அளவும் எடையும் எவ்வளவு இருக்கலாம் என்பதை அங்கே படிக்க முடிவதில்லை. நடைமுறையில் முடிவு செய்பவர் நடத்துநரே. மடித்த பொருளை அவர் சுமையாகக் கருதினால் ஏறலாம். வண்டியாகக் கருதினால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் நடத்துநரைக் குறை கூற இடமில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 இலட்சம் பயணங்களைத் தாங்கும் ஒரு போக்குவரத்து அமைப்பில், நெரிசலான பேருந்தின் ஒழுங்கு அவர் பொறுப்பு. 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்னும் பெங்களூரு வழக்கு, பல நேரங்களில் விதிநூலைவிட நன்றாகவே பணியாற்றுகிறது. ஆயினும் அன்றாடம் பணிக்குச் செல்வோர்க்கு இணக்கம் மட்டும் போதாது, உறுதி வேண்டும். திங்களன்று ஏற்றிக்கொள்ளப்பட்ட வண்டி செவ்வாயன்று மறுக்கப்படலாம் என்றால், அதை நம்பி எவரும் இருசக்கர வாகனத்தைக் கைவிடமாட்டார். விதி எழுதப்படாததன் உண்மையான விலை இதுவே.

விதி எழுதப்பட்ட இடத்தில் நிகழ்ந்ததையும் பார்ப்போம். பெங்களூரு மெட்ரோ நிர்வாகம் 2021 நவம்பரில் மடிப்பு மிதிவண்டிகளைக் கட்டணமின்றிக் கொண்டுசெல்ல இசைவு அளித்தது. கடைசிப் பெட்டியில் ஏற வேண்டும். சுமைச் சோதனைக் கருவியின் வழியே வண்டி செல்ல வேண்டும். எடை 15 கிலோவுக்கு மிகக் கூடாது. இம்மூன்றும் நியாயமானவை. ஆனால் அளவு 60 × 45 × 25 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. உலகில் மிகச் சிறிதாக மடிபவற்றுள் ஒன்றான பிராம்ப்டன் வண்டியின் மடித்த அளவு 64.5 × 58.5 × 27 சென்டிமீட்டர். எழுத்துக்கு எழுத்து விதியைப் பின்பற்றினால் அதுவும் வாயிலைத் தாண்டாது. நம் கடைகளில் விற்கும் 20 அங்குல வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெட்டிகளுக்கான அளவையே மிதிவண்டிக்கும் வைத்ததால் வந்த முரண்பாடு இது.

தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில் இதே வினா எழுந்தபோது வேறு வழி கண்டனர். முன்னர் அங்கும் நெரிசல் இல்லாத நேரங்களில் மட்டுமே மடிப்பு மிதிவண்டிக்கு இசைவு இருந்தது. 2016 டிசம்பரில், நாள் முழுவதும் இரயிலிலும் பேருந்திலும் கொண்டுசெல்லும் ஆறு மாத வெள்ளோட்டத்தைத் தொடங்கினர். 2017-இல் அதை நிலையாக்கினர். அவர்கள் வைத்த அளவு 120 × 70 × 40 சென்டிமீட்டர். கன அளவில் இது பெங்களூரு மெட்ரோவின் வரம்பைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. அளவில் தாராளம் காட்டியவர்கள் ஒழுங்கில் கண்டிப்பு காட்டினர். பயணம் முழுவதும் வண்டி மடித்தே இருக்க வேண்டும். நனைந்த, அழுக்கான சக்கரங்களை உறையிட வேண்டும். ஈரடுக்குப் பேருந்தின் மேல்தளத்திற்குக் கொண்டுசெல்லக் கூடாது.

இலண்டன் பேருந்துகளில் இன்றளவும் ஓட்டுநரின் விருப்பமே விதி; ஆனால் அங்கே நிலத்தடி இரயில்களில் மடித்த வண்டிக்கு எந்நேரமும் இசைவு உண்டு. நம் நாட்டில் கொச்சி மெட்ரோ 2020 நவம்பரிலேயே மிதிவண்டிகளை இரயிலில் ஏற்ற முன்வந்தது.

பெங்களூருவும் வேறொரு முயற்சியைச் செய்து பார்த்த நகரம்தான். கொரோனாக் காலத்தை ஒட்டி, மாநகரப் பேருந்துகள் சிலவற்றின் முகப்பில் மிதிவண்டி தாங்கிகள் பொருத்தப்பட்டன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வேரூன்றிய முறை இது. மடிக்காத வண்டியையும் ஏற்றலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் எல்லாப் பேருந்துகளிலும் தாங்கி இருந்தால்தான் அதை நம்பிப் புறப்பட முடியும். ஏற்றி இறக்கும் நேரத்தையும் பேருந்து பொறுத்துக்கொள்ள வேண்டும். மடிப்பு மிதிவண்டிக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அதற்கு வேண்டியது ஒரு மூலையும் ஒரு விதியும் மட்டுமே.

கணக்குப் பார்ப்போம்

செலவைக் கணக்கிடாமல் எந்தப் பொருளையும் பரிந்துரைப்பது எங்கள் வழக்கம் அன்று. விவேக் நகரில் வசித்து, எலக்ட்ரானிக் சிட்டியில் மாதம் 22 நாள் பணிபுரியும் ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

2025 ஜனவரிக் கட்டண உயர்வுக்குப் பின், சாதாரணப் பேருந்துகளுக்கான மாதப் பாஸ் 1,200 ரூபாய். வீட்டிலிருந்து ஓசூர் சாலை வரை இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ என்றால், 2025 ஆகஸ்டு 1 முதல் நடைமுறையில் உள்ள மீட்டர் கட்டணப்படி 36 ரூபாய். காலையும் மாலையும் சேர்த்து 72 ரூபாய். 22 நாட்களுக்கு 1,584 ரூபாய். மறுமுனையிலும் ஆட்டோ தேவைப்பட்டால் இது இருமடங்காகி 3,168 ரூபாய் ஆகும். பேருந்துப் பாஸைவிட அதன் இரு முனைகளுக்கான ஆட்டோச் செலவே இரண்டரை மடங்குக்கு மேல். மீட்டருக்கு மேல் கேட்கப்படும் தொகையை இங்கே சேர்க்கவில்லை.

எளிய மடிப்பு மிதிவண்டிகள் 15,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. 20,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினால், இரு முனைகளிலும் ஆட்டோவைத் தவிர்ப்பவர்க்கு ஏழு மாதங்களுக்குள் முதல் திரும்பிவிடும். ஒரு முனையில் மட்டும் தவிர்ப்பவர்க்கு ஏறத்தாழ 13 மாதங்கள் ஆகும். டயர், டியூப், பிரேக் கட்டை ஆகியவற்றின் செலவு சிறிதே. ஒரு ஸ்கூட்டருக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் ரூபாய் விலை, அதன்மேல் பெட்ரோல், காப்பீடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இரண்டு குறிப்புகள். வாரத்தில் ஒரு நாள் மட்டுமே பயன்படுத்துவோம் என்று தோன்றினால், இந்தக் கணக்கு பொருந்தாது. வாங்குவதற்கு முன் நண்பரிடம் இரவல் பெற்றோ வாடகைக்கு எடுத்தோ ஒரு வாரம் பழகிப் பார்ப்பது நன்று. தவணையில் வாங்குவோர், 'வட்டியில்லாத் தவணை' என்னும் அறிவிப்பின்கீழ் நடைமுறைக் கட்டணமும் அதன்மேல் வரியும் உண்டா என்பதைக் கேட்டறிந்த பின்னரே ஒப்பமிட வேண்டும்.

முதல் திரும்பிய பின்னர் மாதந்தோறும் மிச்சமாகும் 1,584 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் செலுத்தி வந்தால், வட்டியைச் சேர்க்காமலே ஆண்டுக்கு 19,008 ரூபாய் சேரும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

மடித்த அளவை முதலில் பாருங்கள்; விரித்த அழகைப் பிறகு பார்க்கலாம். கடையிலேயே ஐந்து முறை மடித்து விரித்துப் பழகுங்கள். அரை நிமிடத்திற்குள் மடிக்க இயலாத வண்டி, பேருந்து நிறுத்தத்தில் உங்களைத் தவிக்க விடும். மடித்தபின் இரு பாதிகளும் தாமாக விரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ளக் காந்தமோ பட்டையோ இருக்கிறதா என்றும் காண வேண்டும்.

அடுத்தது தூக்கும் முறை. வண்டியைக் கையில் பிடித்து நான்கு படிகள் ஏறிப் பாருங்கள். 15 கிலோவுக்கும் 12 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு கடையின் தரையில் தெரியாது, பேருந்தின் படியில் தெரியும். மடித்த நிலையிலும் உருட்டிச் செல்லக்கூடிய வண்டியானால் மிகவும் நல்லது.

மூன்றாவது சக்கரம். 16 அங்குலச் சக்கரம் இடத்தைக் குறைக்கும்; ஆனால் பெங்களூருவின் சாலைப் பள்ளங்களில் அது சட்டென்று இறங்கிவிடும். 20 அங்குலச் சக்கரம் சற்றுத் தாங்கும். விவேக் நகர், ஈஜிபுரா பக்கத்துச் சாலைகளையும், 2017-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நீண்ட ஈஜிபுரா மேம்பாலப் பணியின் அடிச்சாலைகளையும் அறிந்தவர்கள் 20 அங்குலத்தையே தேர்வு செய்வர். சிறு சக்கரத்தில் காற்று குறைந்தால் மிதிப்பது கடினம். வாரம் ஒருமுறை காற்றைச் சரிபார்ப்பது அவசியம்.

கீல்களின் பூட்டு உயிர்காக்கும் உறுப்பு. அது தளர்ந்தால் ஓடும் வண்டி நடுவிலேயே மடியக்கூடும். ஒவ்வொரு முறை விரித்த பின்னரும் சட்டத்தின் பூட்டையும் கைப்பிடித் தண்டின் பூட்டையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டே ஏற வேண்டும்.

ஏறும் முன்னும் ஏறிய பின்னும்

நிறுத்தத்திற்கு வந்த உடனேயே வண்டியை மடித்துவிடுங்கள்; பேருந்து வந்தபின் மடிக்கத் தொடங்காதீர்கள். மடித்த வண்டிக்குத் துணி உறை ஒன்று இருக்கட்டும். செயினின் எண்ணெய்ப் பசை ஒரு பயணியின் வேட்டியிலோ சேலையிலோ பட்டுவிட்டால், அதன்பின் எந்த விளக்கமும் எடுபடாது. மழைக்காலத்தில் சேறு படிந்த சக்கரங்களுக்கு இந்த உறை மேலும் இன்றியமையாதது. உறையிட்ட பொருளை நடத்துநரும் சுமையாகவே காண்பார்.

நெரிசலான பேருந்தை விட்டுவிடுங்கள். ஏறும்போதே நடத்துநரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். கன்னடத்தில் கேட்டால் இன்னும் நன்று. சுமைக்கெனத் தனிச்சீட்டு வாங்கச் சொன்னால் வாதிடாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மகளிர் பகுதியிலும் வாயிலின் நேரெதிரேயும் வண்டியை வைக்க வேண்டாம். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் அந்த இடம் அவருடையது; வண்டியை எடுத்துக்கொண்டு இறங்க நேர்ந்தாலும் இறங்குவதே முறை. ஓட்டுநர் திடீரென்று பிரேக் பிடித்தால் 13 கிலோ இரும்பு முன்னோக்கிப் பாயும் என்பதை மறவாமல், வண்டியை ஒரு கையால் பிடித்திருங்கள். அல்லது அருகிலுள்ள கம்பியோடு பட்டையால் பிணைத்துவிடுங்கள். இறங்க வேண்டிய நிறுத்தத்திற்கு முந்திய நிறுத்தத்திலேயே வாயிலை நோக்கி நகர்வது எல்லாருக்கும் நலம்.

இறங்கிய பின் சாலையோரத்தில் நின்று விரிக்காதீர்கள். நடைபாதையில் ஏறி, பூட்டுகளைச் சரிபார்த்துப் புறப்படுங்கள். தலைக்கவசமும், இரவுக்கு முன் விளக்கும் பின் விளக்கும் சுமையில் சேராத துணைகள்.

நகரம் செய்யக்கூடியது

சாலையில் தனித் தடம் அமைப்பதற்கு நிலமும் பணமும் வேண்டும். வெளிவட்டச் சாலையில் 2020-இல் அமைக்கப்பட்ட தற்காலிக மிதிவண்டித் தடம் நிலைக்கவில்லை என்பதை நகரம் கண்டது. மடிப்பு மிதிவண்டிக்கான விதி அத்தகையதன்று. ஒரு சுற்றறிக்கையும், பேருந்தின் உள்ளே ஒட்டும் ஓர் அறிவிப்பும் போதும்.

அந்த அறிவிப்பு நான்கு செய்திகளைச் சொன்னால் நிறைவாகும்: மடித்த வண்டியின் உச்ச அளவு, உச்ச எடை, அது வைக்கப்பட வேண்டிய இடம், ஏற்றக்கூடாத நேரம். அளவை முடிவு செய்யும்போது கடைகளில் உண்மையில் விற்கப்படும் வண்டிகளை அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். நெரிசல் நேரத்தில் சாதாரணப் பேருந்துகளில் தடை என்று இருந்தாலும் பாதகமில்லை. எந்த நேரத்தில் ஏறலாம் என்பது உறுதியாகத் தெரிந்தால், அதற்கேற்பத் தம் நாளை வகுத்துக்கொள்ளப் பயணிகளால் இயலும். நடத்துநர்க்கும் அது உதவி. இல்லையென்று சொல்லும்போதும் ஆமென்று சொல்லும்போதும் அவர் தம் பொறுப்பில் சொல்ல வேண்டியிராது.

அதுவரை, விவேக் நகரிலிருந்து புறப்படும் வாசகர்கள் நெரிசலற்ற நேரத்தையும், தாழ்தளப் பேருந்தையும், புறப்படும் நிலையத்தையும் தேர்ந்துகொண்டு தொடங்கலாம். முதல் பயணத்தை விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர் சாலை வரை மிதித்து, மடித்து, ஏறி, மறுமுனையில் இறங்கி, விரித்து, அலுவலக வாயில் வரை சென்று திரும்பிப் பாருங்கள். அந்த ஒரு நாளில் உங்கள் வழிக்கு இது ஒத்துவருமா என்பது தெரிந்துவிடும்; பணம் செலவிடுவதா வேண்டாமா என்பதை அதன்பின் முடிவு செய்யலாம்.